மூன்று மதில், ஆயிரம் அரியணை, ஒரு கப்பல்கூட இல்லை: கார்த் நகரும் ‘பின்னணி’ வினாவும்



நாவல் பகுதியில் ‘பின்னணி’ பற்றிய வினா என்றாலே நம்மில் பலருக்குக் கொஞ்சம் நிம்மதி. “இது சுலபம் டீச்சர்” என்று மாணவர்கள் சொல்வார்கள். இடப்பின்னணி, காலப்பின்னணி, சமுதாயப்பின்னணி என்று மூன்று தலைப்பைப் போட்டு, கதையில் வரும் ஊர்ப் பெயர், தெருப் பெயர், தொழில், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுவார்கள். விடையில் தவறு எதுவும் இருக்காது. ஆனால் திறனாய்வும் இருக்காது. நாடகக் கொட்டகையில் பின்னால் தொங்கும் திரைச்சீலையைப் பார்த்து எழுதியது போலத்தான் இருக்கும்.

பின்னணி சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் திரை அன்று. கதையில் அதற்கும் வேலை உண்டு. இதை விளக்க, பாடநூலுக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1998இல் வெளியிட்ட ‘எ கிளாஷ் ஆஃப் கிங்ஸ்’ என்ற மிகுபுனைவு நாவலில் வரும் கார்த் என்னும் நகரம் அது. (கார்த்தி அல்ல, கார்த்!) ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவத்தில், 2012இல், பலர் பார்த்த ஊர்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாவலும் தொடரும் பெரியவர்களுக்கானவை; வன்முறையும் பாலியல் காட்சிகளும் நிறைய உண்டு. மாணவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. நகரத்தைப் பற்றிய செய்திகளை மட்டும் இங்கே தருகிறேன். வகுப்பறைக்கு அது போதும்.

கதையின் சூழல்

டெனேரிஸ் நாடு இழந்த அரச குடும்பத்துப் பெண். பதின்ம வயது. கணவனை இழந்தவள். அவளிடம் இருப்பது மூன்று டிராகன் குஞ்சுகளும் கொஞ்சம் மக்களும்தான். கடல் கடந்து போய்த் தன் தந்தையின் அரியணையை மீட்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குக் கப்பல் வேண்டும், படை வேண்டும்.

அவள் தன் மக்களோடு ‘செம்பாழ்’ எனத் தக்க ஒரு சிவந்த பாலைவனத்தைக் கடக்கிறாள். குதிரைகள் சாகின்றன, மனிதர்களும் சாகின்றனர். நடுவில் யாருமற்ற, எலும்புகள் சிதறிக் கிடக்கும் ஒரு பாழ்நகரில் தங்குகிறார்கள். அங்கே கிணற்றில் நீர் இருக்கிறது. மரத்தில் பழம் இருக்கிறது. அதன் பிறகுதான் கார்த் வருகிறது. இரு கடல்களை இணைக்கும் நீரிணைமேல் அமர்ந்து வாணிகத்தால் கொழுத்த துறைமுக நகரம். நீரிணையால் ஓர் ஊர் எப்படிச் செழிக்கும் என்பதை மலாக்கா வரலாறு படித்த நம் மாணவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு ஊர்களையும் ஆசிரியர் அடுத்தடுத்து வைத்திருப்பதைக் கவனியுங்கள். செத்துப்போன ஊர் எதையும் கேட்காமல் நீரும் பழமும் தருகிறது. உயிரோடு இருக்கும் செல்வ நகரம் என்ன தருகிறது? கார்த் வரும் பகுதிகள் முழுவதும் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

மதில்கள் நமக்கு என்ன சொல்லித் தருகின்றன?

கார்த்தை மூன்று மதில்கள் சூழ்ந்துள்ளன. வெளிமதில் சிவப்பு மணற்கல். 30 அடி உயரம். அதில் விலங்கு, பறவை, மீன் சிற்பங்கள். நடுமதில் சாம்பல் நிறக் கருங்கல், 40 அடி, போர்க்காட்சிகள். உள்மதில் கரும்பளிங்கு, 50 அடி, ஆண் பெண் இன்பக் காட்சிகள். வாயில்களும் அப்படியே படிப்படியாக உயர்கின்றன: முதல் வாயிலில் செம்புப் பட்டை, அடுத்ததில் இரும்புப் பட்டை, கடைசி வாயிலில் பொன்னால் ஆன கண்கள்.

மாணவர் இதைப் பட்டியலாக எழுதினால் பாதிப் புள்ளிதான். “ஏன் மூன்று?” என்று கேட்டால்தான் திறனாய்வு தொடங்கும். உள்ளே போகப் போக மதில் உயர்கிறது, கல்லின் மதிப்பு கூடுகிறது, சிற்பம் அந்தரங்கமாகிறது. உள்ளே நுழைகிற நமக்கு ஓர் எதிர்பார்ப்பு வளர்கிறது: இத்தனை காவல் என்றால் நடுவில் ஏதோ பெரிதாக இருக்க வேண்டும்! வருபவரை வியக்க வைத்து, பிறகு காக்க வைக்கும் வேலையை மதிலே தொடங்கிவிடுகிறது.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. மூன்றாம் மதிலைப் பார்த்ததும் டெனேரிஸுக்கு வெட்கம் வருகிறது. உடனே, கொலைக் காட்சிகளைப் பார்க்கக் கூசாத நான் இதற்கு ஏன் கூச வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். ஊரின் வருணனை என்று நாம் நினைத்துப் படித்த இடம் பாத்திரப்படைப்பாகவும் மாறிவிடுகிறது. பின்னணி வேறு, பாத்திரம் வேறு என்று தனித்தனிப் பெட்டியில் போட முடியாது என்பதற்கு இது நல்ல சான்று.

கொடுப்பதும் மறுப்பதும்

உள்ளே அவளுக்குக் கிடைக்கும் வரவேற்புக்குக் குறைவே இல்லை. குழந்தைகள் பூத்தூவுகிறார்கள். சதுக்கம்தோறும் நீரூற்று. சாரோ ஷோவான் டாக்சோஸ் என்ற வணிகப் பிரபு தன் மாளிகையில் இடம் தருகிறான். ‘டூர்மலின் சகோதரர்கள்’ என்னும் வணிகக் குழு மூன்று தலை டிராகன் வடிவில் ஒரு மகுடமே செய்து தருகிறது. எல்லாம் சரி, கப்பல் மட்டும் யாரும் தருவதாக இல்லை.

நகரத்தை ஆளும் பழைய அரச பரம்பரையினரைத் ‘தூய பிறப்பினர்’ என்பார்கள். நீரிணையைக் காக்கும் கப்பற்படை அவர்கள் கையில். அவர்களைப் பார்க்க அவள் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது தெரியுமா? நினைவுக் கோயிலில் பலி கொடுக்கணும். மனுதாரர் பட்டியலைக் காப்பவருக்குக் கையூட்டு கொடுக்கணும். கதவு திறப்பவருக்குப் பெர்சிமன் பழம் அனுப்பணும். நம்ம ஊரில் ‘பிசாங் காக்கி’ என்போமே, அதுதான். கடைசியாக நீலப்பட்டுச் செருப்பு வந்தால்தான் ஆயிரம் அரியணை மண்டபத்துக்குள் போக முடியும். போனால், பொன்னும் மணியும் பதித்த பிரம்மாண்டமான மர இருக்கைகளில் தூங்கி வழிபவர்களைப் போல அமர்ந்திருக்கிறார்கள். அவள் பேசுவது காதில் விழுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. விதானத்தில் மட்டும் நகரின் பழைய பெருமை ஓவியமாக ஒளிர்கிறது. பதில்: இல்லை.

இந்தப் பகுதியில் ஆசிரியர் போகிற போக்கில் சொல்லும் ஒரு செய்தி என்னைப் பெரிதும் கவர்ந்தது. ஊரார் தந்த பரிசுகளில் அந்த மகுடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் டெனேரிஸ் விற்றுவிடுகிறாள். அந்தப் பணம் தூய பிறப்பினரைப் பார்க்கும் முயற்சியிலேயே கரைந்துபோகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊர் கொடுத்தது, ஊருக்குள்ளேயே சுற்றி, ஊருக்கே திரும்பிவிட்டது. அவள் கையில் மிஞ்சியது ஒரு மகுடம்; ஆள்வதற்கு நாடு இல்லாத மகுடம். ‘கார்த் கருமித்தனமான ஊர்’ என்று ஆசிரியர் ஓரிடத்திலும் எழுதத் தேவையில்லை. பொருள் சுற்றும் வழியைக் காட்டினாலே போதும்.

கண்ணீரும் அப்படித்தான். கார்த் மக்கள் எளிதில் அழுவார்கள். அழுவது அங்கே நாகரிகத்தின் அடையாளம். சாரோவும் அடிக்கடி கண்கலங்குகிறான், அவளை மணந்துகொள்ளக் கெஞ்சுகிறான். பிறகுதான் தெரிகிறது, அந்த ஊர்த் திருமணத்தில் மணமக்கள் ஒருவரிடம் ஒருவர் ஏதேனும் ஒரு பொருளைக் கேட்கலாம், கேட்டதை மறுக்கக் கூடாது என்ற வழக்கம் உண்டு என்று. அவன் எதைக் கேட்பான் என்று சொல்லவும் வேண்டுமா? ஒரு டிராகன்! கொலைகாரர்களுக்குக்கூட இங்கே கண்ணியம் உண்டு. ‘வருந்துவோர்’ என்ற கொலைக்குழுவினர் கொல்வதற்கு முன் மன்னிப்புக் கேட்பார்கள். மரியாதை என்பது இரக்கம் ஆகாது என்பதைப் பழக்கவழக்கங்கள் வழியாகவே ஆசிரியர் நிறுவுகிறார். சமுதாயப்பின்னணி கருப்பொருளாக மாறும் இடம் இதுதான்.

பித்தளைத் தட்டு

கார்த் பகுதியின் கடைசி அத்தியாயம் துறைமுகத்தில் நடக்கிறது. யாரோ இருவர் பின்தொடர்வதாகச் சந்தேகம். டெனேரிஸ் ஒரு பித்தளைக் கடையில் நின்று, பெரிய தட்டு ஒன்றை எடுத்துப் பார்க்கிறாள். கடைக்காரன் விலை சொல்லத் தொடங்கிவிடுகிறான். அவள் நகர நகர விலையும் இறங்குகிறது. அவளோ தட்டை வாங்கவா பார்க்கிறாள்? அதில் தெரியும் பிம்பத்தில் பின்னால் நிற்பவர்களைப் பார்க்கிறாள்.

பொன், மரகதம், பளிங்கு என்று நான்கு அத்தியாயமாகப் பளபளப்பு நம் கண்ணைக் கூச வைத்தது. அவளுக்குப் பயன்பட்ட ஒரே பளபளப்பு, சந்தையில் இருந்த சாதாரணப் பித்தளை! சற்று நேரத்தில் இன்னொரு அழகிய பொருள் அவள் கைக்கு வருகிறது: மணிகள் பதித்த ஒரு பெட்டி. அதற்குள் கொடிய நச்சு உயிரி. அவளைக் காப்பாற்றுவதும் அந்தத் தட்டில் பார்த்த இருவரில் ஒருவரே. அழகை வாங்கத் தெரிந்தால் போதாது, அழகில் பிரதிபலிப்பதைப் பார்க்கவும் தெரிய வேண்டும் என்பதை இந்த ஊர் அவளுக்குக் கற்றுத்தந்துவிட்டது. நகரத்துக்குள் நுழைந்தபோது மதில்களை அண்ணாந்து பார்த்த பெண், வெளியேறும்போது தட்டுக்குள் பார்க்கிறாள். இந்த மாற்றத்தை நிகழ்த்தியது பின்னணிதான்.

தொலைக்காட்சித் தொடர் என்ன செய்தது?

தொடரில் சாரோவிடம் யாரும் திறக்க முடியாத ஒரு கருவூலம் இருக்கிறது. பருவத்தின் முடிவில் டெனேரிஸ் அதைத் திறக்கிறாள். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் அறை. பார்க்க நல்ல காட்சிதான், நானும் ரசித்தேன். ஆனால் மூலத்தோடு வைத்துப் பார்த்தால், எனக்கு இது சரிவு என்றே படுகிறது.

ஏன்? கருவூலம் காலி என்றால் சாரோ ஒரு மோசடிக்காரன், கதை முடிந்தது. “இருந்திருந்தால் கொடுத்திருப்பானோ என்னவோ” என்று நம் மனம் சமாதானம் ஆகிவிடும். நாவலில் அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை. நாவலின் கார்த் உண்மையிலேயே செல்வ நகரம். சாரோவிடம் கப்பல்கள் இருக்கின்றன. இருந்தும் கொடுக்கவில்லை. இல்லாதவன் மறுப்பதைவிட, இருப்பவன் சிரித்த முகத்தோடு மறுப்பதுதான் உறைக்கும். தொடர் ஓர் உருவகத்தைத் தெளிவாக்கப் போய், அதன் கூர்மையை மழுங்கடித்துவிட்டது. மூலநூலையும் அதன் திரை வடிவத்தையும் ஒப்பிடும் பயிற்சிக்கு இது நல்ல பொருள்.

குறை சொல்ல இடமில்லையா? உண்டு.

இதுவரை பாராட்டினேன். திறனாய்வு என்றால் மறுபக்கத்தையும் பார்க்கணும்.

இந்த நகரத்தை நாம் பார்ப்பது ஒரே ஒரு பாத்திரத்தின் கண்வழியாக. வெளியூரிலிருந்து வந்து, பிரபுவின் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கியவள் அவள். எனவே அந்தக் கண்ணுக்கு எட்டியது மட்டுமே நமக்கும் எட்டுகிறது. மூன்று மதிலுக்குக் கல் சுமந்தவர் யார்? பாலைவன நகருக்குத் தண்ணீர் எப்படி வருகிறது? பித்தளைக் கடைக்காரனுக்கு ஒரு பெயர்கூட இல்லை. கார்த்காரர் என்று நம் நினைவில் நிற்கும் பெயர்கள் இரண்டுதான்: வணிகன் சாரோ, மாயாவி பயாட் ப்ரீ. ஒருவன் பேராசைக்காரன், மற்றவன் சூனியக்காரன். இவ்வளவு பெரிய ஊரில் இவ்வளவுதானா?

எட்வர்ட் செய்த் 1978இல் எழுதிய ‘ஓரியண்டலிசம்’ நூலைப் பட்டயப் படிப்பில் தொட்டுச் சென்றவர்களுக்கு இந்த வாடை உடனே தெரியும். செல்வம், சோம்பல், தந்திரம், மாயம், எளிதில் அழும் ஆண்கள்: கீழை நாடுகளைப் பற்றி மேலை எழுத்தில் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கும் அச்சு இது. மார்ட்டினின் மேற்கத்திய நகரங்களும் நல்லவை அல்ல. அங்கேயும் துரோகம், பசி, நாற்றம் எல்லாம் உண்டு என்று ஒருவர் வாதாடலாம். நியாயமான வாதம். ஆனால் அந்த நகரங்களில் ரொட்டிக்குக் கலகம் செய்யும் மக்களை நாம் சந்திக்கிறோம். கார்த்தில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை மட்டுமே சந்திக்கிறோம். வேறுபாடு அங்கே இருக்கிறது.

ஆசிரியர் இதைப் பின்னர் ஓரளவு ஈடுகட்டுகிறார். 2011இல் வந்த ‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ நாவலில், அடிமைகளை விடுவித்துவிட்ட டெனேரிஸைத் தேடி அதே சாரோ வருகிறான். இப்போது அவள் கேட்காமலேயே கப்பல்கள் தருகிறேன் என்கிறான், அவள் கடல் கடந்து போய்விட வேண்டும் என்பதற்காக! அடிமை முறைக்காக வாதாடவும் செய்கிறான்: எல்லாரும் சோற்றுக்காக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தால் விண்மீனைப் பார்க்க யாருக்கு நேரமிருக்கும் என்ற பொருளில் பேசுகிறான். அந்த ஒரு பேச்சில், பழைய நாவலில் நாம் வியந்த நீரூற்றும் பளிங்கும் யார் முதுகின்மேல் நின்றன என்பது தெரிந்துவிடுகிறது. மீண்டும் ஒருமுறை அந்த மதில்களைப் படித்தால் வேறு மாதிரி தெரியும். நல்ல முயற்சிதான். என்றாலும் அதையும் பிரபுவின் வாயால்தான் கேட்கிறோம். சுமந்தவரின் வாயால் அல்ல.

நம் மாணவர்களுக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுக் காட்டலாம். பட்டினப்பாலையும் ஒரு செல்வத் துறைமுகத்தைப் புகழ்கிற பாட்டுத்தான். ஆனால் காவிரிப்பூம்பட்டினத்தில் இறங்கும் பொருள்களுக்குப் புலி முத்திரை பொறித்துச் சுங்கம் கொள்ளும் அலுவலர்களை அதில் பார்க்கிறோம். கடற்கரைப் பரதவரின் வழிபாட்டையும் விளையாட்டையும் பார்க்கிறோம். புகழ வந்த புலவரும் வேலை செய்யும் கைகளைக் கடந்து போய்விடவில்லை. ஒரு நூல் உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொல்ல இந்த ஒப்பீடு வேண்டாம். ஒன்று ஊரைப் பாடவே எழுந்த பாட்டு. மற்றது ஊரைக் கடந்து போகும் ஒரு பெண்ணின் கதை. நோக்கம் மாறினால் கண்ணில் படுவதும் மாறும் என்று காட்டத்தான் இந்த ஒப்பீடு.

ஆக, என் முடிவு இது. கதையை நகர்த்தும் பொறியாகக் கார்த் மிகச் சிறப்பாக இயங்குகிறது. மனிதர்கள் வாழும் சமுதாயமாகப் பார்த்தால் மெலிந்து நிற்கிறது. இரண்டையும் ஒரே விடையில் சொல்லத் துணிவதுதான் திறனாய்வு.

விடை எழுதும்போது

மாணவர்களே, பின்னணி வினாவுக்கு ஒவ்வொரு கருத்தையும் மூன்று படியாக எழுதிப் பழகுங்கள்: விவரம், பயன், மதிப்பீடு.

“கார்த் நகரைச் சுற்றி மூன்று மதில்கள் உள்ளன, அவை மிகவும் அழகானவை.” இது விவரம் மட்டும்.

“கார்த் நகரின் மூன்று மதில்களும் உள்ளே செல்லச் செல்ல உயரமாகவும் விலையுயர்ந்தனவாகவும் அமைந்துள்ளன. இது டெனேரிஸின் எதிர்பார்ப்பை வளர்த்து, பின்னர் அவள் அடையும் ஏமாற்றத்தைக் கூர்மையாக்குகிறது. எனினும், மதிலைக் கட்டியவர்கள் யார் என்பதை ஆசிரியர் காட்டாததால் நகரின் சமுதாயப் படம் முழுமை பெறவில்லை.” மூன்றே வாக்கியம்தான். விவரம், பயன், மதிப்பீடு மூன்றும் வந்துவிட்டன பாருங்கள்.

ஆசிரியர்கள் கீழுள்ள கேள்விகளை நீங்கள் நடத்தும் எந்த நாவலோடும் பொருத்திப் பார்க்கலாம்.

1. இந்த ஊரை நாம் யார் கண்வழியாகப் பார்க்கிறோம்? அவர் ஊர்க்காரரா, வந்தவரா?

2. கதை இந்த ஊரில் நடக்காமல் வேறோர் ஊரில் நடந்திருந்தால் எது மாறியிருக்கும்? எதுவும் மாறாது என்றால் பின்னணி வெறும் திரைச்சீலைதான்.

3. இந்த ஊரில் பொருள் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது? இறுதியில் யார் கையில் தங்குகிறது?

4. ஊரில் இருந்தும் கதையில் பேசாதவர் யார்? அவர் ஒரு பத்தி பேசினால் என்ன சொல்வார்?

நான்காம் கேள்வியைப் படைப்பிலக்கியப் பயிற்சியாகவும் கொடுக்கலாம். நம் மாணவர்களில் பலர் இத்தகைய மிகுபுனைவுத் தொடர்களிலும் கணினி விளையாட்டுகளிலும் பாலைவன நகரங்களைத் தினமும் பார்க்கிறார்கள். அங்கே கிழக்கத்தியச் சந்தை என்பது ஓடிக் கடக்கும் இடம், கூடைகளைத் தட்டிவிட்டுப் போகும் இடம். அந்தக் கூடைக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு என்று ஒரு மாணவருக்குத் தோன்றினால், தேர்வுத் தாளில் மட்டுமல்ல, தன் சொந்த ஊரைப் பற்றி எழுதும்போதும் அவர் வேறு மாதிரி எழுதுவார். பித்தளைக் கடைக்காரனிடமிருந்து தொடங்கச் சொல்லுங்கள். டெனேரிஸ் போன பிறகு, விற்காத தட்டை மீண்டும் துடைத்து வைக்கும்போது அவன் என்ன நினைத்திருப்பான்? 80 சொற்களில் எழுதலாம்.